கவ்வாத்துக் குச்சிகளும் ஐப்பசி மழையும்: கோத்தகிரி ஓவியக்கூடம் ஒன்றில் மூன்று தைல ஓவியங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து ஓர் ஓவியர் வேலை செய்துவருகிறார். படம் வரைவதுதான் அவருக்குப் பிழைப்பு. விடுதிகளும் வீடுகளும் கேட்டு வாங்கும் தைல ஓவியங்கள், சீசன் மாதங்களில் விற்கும் சிறிய நீர்வண்ணப் படங்கள் என்று ஆண்டு ஓடும். இங்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் கூடலூரில் இருந்தவர். நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த விவரம் தேவை.

கூடலூர் மலையின் மேற்குச் சரிவில் உள்ளது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாது. அக்டோபரில் வெயில் தலைகாட்டத் தொடங்கும். கோத்தகிரி கிழக்குச் சரிவு. நடுவே 2637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. ஆடியில் இங்கே சாரலும் மூடுபனியுமாகப் போய்விடும். கனத்த மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குக் காற்றோடு வந்து சேரும். மாவட்டம் ஒன்றுதான், மழைக்காலம் வேறு. தைல ஓவியருக்கு இந்த வேறுபாடு வேலையின் ஒவ்வொரு பூச்சையும் பாதிக்கும்.

குன்னூரில் உள்ள ஒரு விருந்தினர் இல்லம் தன் சாப்பாட்டுக் கூடத்துக்கு மூன்று ஓவியங்கள் கேட்டது. ஒவ்வொன்றும் 4 அடிக்கு 3 அடி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேசி முடித்து, பாதித் தொகை முன்பணமாக வந்தது. டிசம்பர் 20-க்குள் படங்கள் சுவரில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் கரிக்கோட்டு வரைவுகள், செப்டம்பரில் அடிவண்ணம், அக்டோபரில் மேல்பூச்சுகள், நவம்பர் முழுவதும் உலர விடுவது என்று ஓவியர் திட்டமிட்டார். கூடலூரில் இந்தத் திட்டம் சரியாக நடந்திருக்கும்.

கருப்பொருளும் அது வந்த வழியும்

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். இலை முழுக்கப் போய், முட்டளவு உயரத்தில் சாம்பல் நிறத்து எலும்புக்கூடாகச் செடி நிற்கும். பல பத்தாண்டுகளாக வெட்டுப்பட்ட கிளைகள் முடிச்சுமுடிச்சாக முறுக்கியிருக்கும்; அவற்றின்மேல் பாசியும், கல்பாசி இனத்தைச் சேர்ந்த வெளிறிய பச்சைப் படலங்களும் அப்பியிருக்கும். உயரமான தோட்டங்களில் செடி பிழைத்துக்கொள்வதற்காக ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். மொட்டையான ஒரு ஏக்கர் சரிவில் செடிக்கு ஒரு பச்சைக் கிளை என்று நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மூன்று படங்களின் கருவும் அந்தக் காட்சிதான்: பகலில் ஒன்று, மூடுபனியில் ஒன்று, இருட்டும் நேரத்தில் ஒன்று. தோட்டத்தைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் பச்சைக் கம்பளத்தைத்தான் வரைகிறார்கள். வெட்டுப்பட்ட செடியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

நிறங்களுக்கு ஓவியர் கோத்தகிரி வட்டாரத்துக் கரிக்கியூர் பாறை ஓவியங்களின் செங்காவியைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். பகல் படத்தில் பழுப்பு அம்பர், சியன்னா, செங்காவி போன்ற மண் நிறங்களே மிகுதி.

அருகிலிருந்து பார்த்து வரைவதற்காக வெட்டிப்போட்ட குச்சிகளைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, பாசியோடு அப்படியே இரண்டு மூட்டை கொண்டுவந்து கூடத்தின் கிழக்குச் சுவரோரம் அடுக்கினார். பாசி உதிரக்கூடாது என்று அவ்வப்போது தண்ணீரும் தெளித்துவந்தார்.

வேலையிடம்

கூடம் 18 அடிக்கு 14 அடி. ஓட்டுக்கூரை. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வெளிச்சுவர்கள். வடக்கே பெரிய ஜன்னல். ஐரோப்பிய ஓவியக் கையேடுகள் வடக்கு ஜன்னலைப் பரிந்துரைக்கக் காரணம், அங்கே சூரியன் ஒருபோதும் வடக்கில் உச்சிக்கு வராது என்பதே. கோத்தகிரி 11 பாகை 25 கலை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே வரும். ஆகவே இங்கே அந்த நான்கு மாதமும் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை மல் துணி கட்ட வேண்டும், இல்லையென்றால் வரைபலகையைச் சுவர்ப்பக்கம் தள்ள வேண்டும். இந்த ஓவியர் இரண்டையும் செய்தார். மே மாதம் தள்ளிய தட்டுமுட்டுச் சாமான்களோடு, படங்களைச் சாய்த்து வைக்கும் இடமும் கிழக்குச் சுவருக்கு மாறியது. ஆகஸ்டுக்குப் பிறகும் அது அங்கேயே இருந்துவிட்டது. வடகிழக்கு மழை அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான்.

குளிருக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று மாலை நேரங்களில் எரியும். மழை நாட்களில் ஜன்னல் மூடியே இருக்கும்.

படங்களின் அமைப்பு

பகல் படமும் மூடுபனிப் படமும் ஓவியரே துணி இழுத்துக் கட்டியவை. தடித்த பருத்தித் துணி, சில்வர் ஓக் சட்டம், துணியின்மேல் ஆசாரிகள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசை, அதன்மேல் வஜ்ஜிரத்தில் கலந்த சுண்ணக்கட்டிப் பொடி மூன்று பூச்சு. தஞ்சாவூர்ப் பலகையின் அடிப்பூச்சும் இதே குடும்பம்தான். கரிக்கோடு அதில் அருமையாக ஏறும். ஆனால் அது விறைப்பான பலகைக்கு உரியது; தொய்ந்து இறுகும் துணிக்கு உரியதில்லை. இருள் படம் மட்டும் கடையில் வாங்கிய, அக்ரிலிக் அடிப்பூச்சு உள்ள கான்வாஸ். அதன் மேல்பூச்சுகளில் ஐவரி கறுப்பும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் ஆளி விதை எண்ணெய் கூடுதலாகச் சேர்த்துப் பூசப்பட்டன.

கவனித்தவை

அக்டோபர் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மாத இறுதியில் மூன்று கான்வாஸ்களும் தொய்ந்தன. ஆசாரியை அழைத்துச் சட்டங்களின் மூலை ஆப்புகளை அடித்து இறுக்கினார்கள். பத்து நாளில் மீண்டும் தொய்வு, மீண்டும் ஆப்படி.

நவம்பர் நடுவில் ஃபிரேம் போடுபவர் அளவெடுக்க வந்தார். மூடுபனிப் படத்தைச் சுவரிலிருந்து விலக்கியவர், "அக்கா, பின்பக்கம் பார்த்தீங்களா?" என்று கேட்டார். துணியின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய 8 அங்குல உயரத்துக்குச் சாம்பல்பச்சைப் புள்ளிகள். சட்டத்தின் கீழ்க்கட்டையிலும் வெள்ளை நூல்கள். முன்பக்கத்தில் வண்ணம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. விரல் நுனியால் மெல்லத் தட்டியபோது மட்டும் அந்தப் பகுதியில் ஓசை மந்தமாகக் கேட்டது.

இருள் படத்தில் பூஞ்சணம் இல்லை. ஆனால் பூசி ஐந்து வாரமாகியும் கறுப்பும் கிரிம்சனும் பிசுபிசுத்தன. தூசியும் சிறு கொசுக்களும் ஒட்டியிருந்தன. அதே படத்தில் அம்பர் மட்டும் பூசிய ஓரங்கள் கெட்டியாக உலர்ந்திருந்தன. கூடத்தின் நடுவே வரைபலகையில் இருந்த பகல் படம் தொய்ந்திருந்ததே தவிர வேறு குறை தெரியவில்லை.

ஈரமானி ஒன்று வாங்கி மூன்று இடங்களில் தலா ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். கூடத்தின் நடுவில் 79 சதவீதம். குச்சி மூட்டைகளுக்கு அருகில் 87. கிழக்குச் சுவருக்கும் படத்துக்கும் இடையே 92. காலை வெப்பம் 14 பாகை.

காரணங்களைப் பிரித்தறிந்த விதம்

கெட்டுப்போன வண்ணம் என்பதே ஓவியரின் முதல் சந்தேகம். குழாயை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தால் அடுத்த படமும் இப்படியே ஆகியிருக்கும். மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில்தான் விஷயம் தெளிந்தது.

பூஞ்சணத்துக்கு ஈரமும் உணவும் வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நீடித்தால் அது முளைக்கும். வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த புரதம், பருத்தி செல்லுலோஸ். இரண்டும் அதற்கு உணவு. பகல் படத்திலும் வஜ்ஜிரம் உண்டு, ஆனால் அது நடுக்கூடத்தில் காற்றோட்டத்தில் இருந்தது. மூடுபனிப் படம் நனைந்த சுவரில் சாய்ந்து, பச்சைக் குச்சிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் குளிர்ந்திருப்பதால் அதன் அருகே உள்ள காற்றில் ஈரப்பதம் இன்னும் ஏறும். தண்ணீர் தெளித்த குச்சிகளும், அவற்றோடு வந்த பூஞ்சண வித்துகளும் மிச்சத்தைச் செய்தன.

ஹீட்டர் உதவியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. மூடிய ஜன்னலுக்குள் அந்த ஆவி போக வழியில்லை. இரவில் அறை குளிரும்போது சுவரில் படியும். மாலையில் இதமாக இருந்த அறை காலையில் வழக்கத்தைவிட ஈரமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இருள் படத்தின் பிசுபிசுப்பு தனிக் கதை. ஆளி விதை எண்ணெயில் தண்ணீர் இல்லை. அது ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. அதற்கு வெப்பமும் வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். அம்பரில் உள்ள மாங்கனீஸ் அந்த வேலையை விரைவுபடுத்தும். ஐவரி கறுப்பும் அலிசரினும் இயல்பாகவே மெதுவாக உலர்பவை. அவற்றோடு எண்ணெயையும் கூட்டி, குளிர்ந்த, மங்கிய அறையில் மூடிவைத்தால் ஐந்து வாரம் போதாது.

எடுத்த முடிவுகள்

அன்றே குச்சிகள் வெளியே தாழ்வாரத்துக்குப் போயின. ஹீட்டர் நிறுத்தப்பட்டது. கூடவே ஒரு மூலையில் குவிந்திருந்த எண்ணெய்த் துணிகளும் வெளியேறின. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணிக் குவியல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஹீட்டருக்கு நான்கடி தள்ளி அந்தக் குவியல் இருந்தது.

வீட்டின் நடுவே வெளிச்சுவர் இல்லாத சாமான் அறை ஒன்று, 8 அடிக்கு 6 அடி, காலி செய்யப்பட்டு உலர் அறையானது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கும்போது கம்ப்ரசர் வகையைத் தவிர்த்தார்கள். 15 பாகைக்குக் கீழே அதன் சுருளில் பனி பிடித்து வேலை குறையும். உறிஞ்சுபொருள் சக்கரம் உள்ள வகை குளிரிலும் இயங்கும், வெளிவிடும் காற்றும் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பு சிறிய விஷயமில்லை: 15 பாகையில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினாலே அது 62 சதவீதமாக இறங்கும். மின்வெட்டு நேரங்களில் அறைக்கதவைத் திறக்காமல் விட்டார்கள்.

படங்களை உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஆப்புகளைத் தளர்த்த வேண்டும் என்பது ஃபிரேம் போடுபவரின் யோசனை. ஈரத்தில் தொய்ந்திருக்கும்போது அடித்து இறுக்கிய துணி, உலர்ந்ததும் வஜ்ஜிரம் சுருங்கி மேலும் இறுகும். இரண்டு படங்களில் இதைச் செய்தார்கள். பகல் படம் நன்றாக இருக்கிறதே, தொட வேண்டாம் என்று ஓவியர் விட்டுவிட்டார்.

மூடுபனிப் படத்தில் ஈரத்துணியால் எதையும் துடைக்கவில்லை. துடைத்தால் பூஞ்சணம் நூலிழைக்குள் தேய்ந்து இறங்கும். உலர் அறையில் 55 சதவீதத்துக்குக் கீழ் இரண்டு வாரம் இருந்து, புள்ளிகள் பொடியாக மாறிய பிறகு, மழையில்லாத ஒரு நாள் தாழ்வாரத்தில் என்95 முகக்கவசத்தோடு மென்தூரிகையால் தட்டி, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் குழாயின் வாய்க்குள் விட்டார்கள். 70 சதவீத ஆல்கஹாலைச் சட்டத்தின் மரத்தில் மட்டும் பஞ்சால் தடவினார்கள். துணியில் தடவவில்லை, அதிலுள்ள தண்ணீர் வஜ்ஜிரத்தை இளக்கும். ப்ளீச் வேண்டாம் என்றும், வெயிலில் காயவைக்க வேண்டாம் என்றும் முடிவானது. ப்ளீச் இழையை அரித்து, உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுக்கும். உச்சிவெயிலில் பசை சட்டென்று சுருங்கி அடிப்பூச்சு உரியும்.

சுத்தமானாலும் அந்தப் படத்தை விற்கக்கூடாது என்று தீர்மானித்தது கடினமான முடிவு. பூஞ்சணம் பசையைத் தின்றுவிட்ட இடத்தில் அடிப்பூச்சுக்குப் பிடிமானம் இல்லை. இன்றோ பத்து ஆண்டுகளிலோ அது உதிரும். வாங்குபவரின் சுவரில் உதிர விடுவது நியாயமில்லை.

இருள் படத்தின் மேல்பூச்சைக் கத்தியாலும், டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியாலும் முழுக்க எடுத்து, உலர்ந்த அம்பர் அடிவண்ணம் வரை இறங்கினார்கள். மேலே புதிய வண்ணத்தைப் பூசி மூடியிருக்கலாம்; உலராத எண்ணெய்ப் படலத்தின்மேல் விரைவில் உலரும் படலம் வந்தால் மேலே விரிசல் நிச்சயம். திரும்பப் பூசும்போது எண்ணெய்க்குப் பதில் விரைவில் உலரும் அல்கைட் பிசின் ஊடகத்தைக் கலந்து மெல்லிய இரண்டு பூச்சு கொடுத்தார். ஐவரி கறுப்பை விட்டு, அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து இருட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பூச்சும் மூன்று நாட்களுக்குள் தொடும் அளவுக்கு உலர்ந்தது. இருட்டும் முன்னதைவிட ஆழமாக அமைந்தது.

வாங்குபவரோடு பேசியது

டிசம்பர் முதல் வாரத்தில் விருந்தினர் இல்ல உரிமையாளரிடம் நிலைமையைச் சொன்னார்கள். "வார்னிஷ் அடிச்சுக் குடுத்துடுங்க மேடம். கூடத்துல கணப்பு இருக்கு, தானா காஞ்சிடும்" என்றார் அவர். "மேல காஞ்ச மாதிரி தெரியும் சார், உள்ள பச்சையாவே இருக்கும். வார்னிஷ் போட்டா உள்ள காத்து போக வழியில்ல. ஆறு மாசமாவது போகணும்" என்று ஓவியர் மறுத்தார். அவர் பச்சை என்று சொன்னது உலராத எண்ணெயை. பூஞ்சணப் புகைப்படங்களைக் காட்டிய பிறகு உரிமையாளர் ஒத்துக்கொண்டார்: இரண்டு படம் டிசம்பரில், மூன்றாவது மார்ச்சில், மீதித் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அப்போது. வார்னிஷ் மழைக்காலத்துக்கு முன் ஓவியரே வந்து அடித்துக் கொடுப்பார்.

கணப்புக்கு மேலே படம் மாட்டக் கூடாது, வெளிச்சுவரில் மாட்டினால் பின்னால் ஒரு அங்குலம் இடைவெளி தரும் கார்க் துண்டுகள் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் எழுத்தில் சேர்ந்தன.

பிறகு நடந்தவை

டிசம்பர் 18-ல் பகல் படமும் இருள் படமும் குன்னூருக்குப் போயின. இருள் படத்தில் இதுவரை குறை இல்லை.

ஜனவரியில் வறண்ட குளிர் வந்தது. விருந்தினர்களுக்காகக் கணப்பும் நாள்தோறும் எரிந்தது. மாத நடுவில் உரிமையாளர் அழைத்தார். பகல் படம் பறைத்தோல் போல விறைத்திருந்தது. மேல் இரு மூலைகளிலும் குறுக்காக மெல்லிய விரிசல்கள், நீளமானது இரண்டரை அங்குலம். ஆப்பு தளர்த்தாமல் விட்ட படம் அதுதான். வண்ணம் நான்கு மாதமே ஆனது, இன்னும் வளைந்து கொடுக்கும். உடைந்தது அதன் அடியிலிருந்த சுண்ணக்கட்டிப் பூச்சு. ஆப்புகளை அன்றே தளர்த்தினார்கள், விரிசல் மேலும் நீளவில்லை.

மூடுபனிப் படத்துக்கு மாற்று, பிப்ரவரியில் 9 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டில் தொடங்கியது. பின்னால் ரீப்பர் கட்டங்கள், இரு முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் அக்ரிலிக் பூச்சு, முன்பக்கம் நான்கு முறை ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு. கான்வாஸைவிட எடை கூடுதல்தான். ஆனால் அது தொய்யாது.

தாழ்வாரத்தில் மூன்று மாதம் காய்ந்த குச்சிகள் இப்போது பயன்பட்டன. பாசியைச் சுரண்டி, பென்சில் தடிமனுள்ளவற்றைத் தோலுரித்து, 5 அங்குலமாக நறுக்கி, ஏற்கெனவே நெருப்பில் சுட்டெடுத்த பால்பவுடர் டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, இடுக்குகளில் காய்ந்த மணலை நிரப்பினார்கள். மூடியில் ஒரு ஆணித்துளை. மூடி கழலாமல் கட்டுக்கம்பி. விறகு நெருப்பில் வைத்ததும் துளையில் முதலில் வெள்ளை ஆவி வரும், பிறகு மஞ்சள் கலந்த காரமான புகை, அது தீப்பற்றிச் சிறு சுடராகவும் எரியும். சுடரும் புகையும் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. உடனே துளையைக் களிமண்ணால் அடைத்து மறுநாள் காலை வரை திறக்காமல் வைக்க வேண்டும். சூட்டில் திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகும். சுடர் அடங்கும் முன் எடுத்த முதல் டப்பாவில் குச்சிகள் நடுவில் பழுப்பாக இருந்து காகிதத்தைக் கீறின. இரண்டாவது டப்பாவில் நல்ல கரி கிடைத்தது, சற்றே கடினம், நீலம் கலந்த கறுப்பு. பலகையின் அடிவரைவு முழுவதும் அந்தக் கரியால் ஆனது. கவ்வாத்துச் செடியை அதன் கரியாலேயே வரைந்த அந்தக் கோடுகள் மூடுபனியின் மெல்லிய வெள்ளைக்கு அடியில் ஆங்காங்கே தெரியும்படி விட்டிருக்கிறார். மூன்றில் சிறந்த படம் இதுவே என்பது இந்த ஆய்வை எழுதும் எங்கள் கருத்து. மார்ச் இறுதியில் அது சேர்ந்தது.

நீர்வண்ணத் தாள்களையும் அப்போதுதான் சோதித்தார்கள். கிழக்குச் சுவரின் அலமாரியில் இருந்த சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள்களில் ஈரத்தால் ஜெலட்டின் பசை கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாக மைஒற்றுத்தாளில் போல இறங்கியது. அவை கரிவரைவுக்கு ஒதுக்கப்பட்டன.

இனி மாறுபவை

கோத்தகிரியில் எண்ணெய் கலந்த மேல்பூச்சுகளை ஜனவரி முதல் மே வரை வைத்துக்கொள்வது என்றும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரிவரைவு, அக்ரிலிக் அடிப்பூச்சு, சட்ட வேலை ஆகியவற்றை மட்டும் செய்வது என்றும் ஓவியர் ஆண்டை மாற்றி அமைத்திருக்கிறார். டிசம்பர் தவணை கேட்பவர்களுக்கு அல்கைட் அல்லது அக்ரிலிக்கில்தான் தர முடியும் என்று முதலிலேயே சொல்கிறார். துணிக்கு வஜ்ஜிரம் கிடையாது, பி.வி.ஏ. என்ற செயற்கைப் பசைப் பூச்சும் அக்ரிலிக் ஜெஸ்ஸோவும்தான். சட்டத்துக்குப் பச்சை சில்வர் ஓக் வாங்குவதில்லை. 80 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும், 50 சதவீதத்தில் 9 தான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காய்ந்த மரமும் மேலே வந்து ஒரு மாதம் அறையில் இருந்த பிறகே அறுக்கப்படுகிறது. தோட்டத்திலிருந்து வரும் கிளை, பட்டை, கல் எதுவானாலும் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பாசியின் நிறம் வேண்டுமென்றால் அங்கேயே உட்கார்ந்து நீர்வண்ணத்தில் குறித்துக்கொள்கிறார்.

பகல் படத்தின் மூலை விரிசல்களை உடனே நிரப்பிச் சரிசெய்ய உரிமையாளர் விரும்பினார். வேண்டாம் என்று தடுத்திருக்கிறோம். ஒரு முழு மழைக்காலமும் ஒரு வறண்ட ஜனவரியும் கடந்த பிறகே துணி எங்கே நிலைகொள்கிறது என்று தெரியும். அதுவரை மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே தூரத்திலிருந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்புமாறு கேட்டிருக்கிறோம்.